சன்னி என்றாள் பாட்டி

என் மேசை இழுப்பறையில் ஆறு காலண்டர் தாள்கள் இருக்கின்றன. தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்து, பின்பக்கத்து வெள்ளையில் பென்சிலால் எழுதப்பட்டவை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்த என் அக்கா, குழந்தைக்குப் பால் கொடுத்த நேரங்களை அவற்றில் குறித்து வைத்தாள். அவள் பள்ளியில் கணக்கு நடத்துபவள். கட்டம் போட்டு, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் என்று எழுதுவாள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மூன்றாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் உரிய தாள்கள் அப்படித்தான் உள்ளன. ஐந்தாம் நாள் தாளில் கட்டங்கள் கூடியிருக்கின்றன. குழந்தை விக்கியது, தும்மியது, கண் விழித்தது எல்லாம் அதில் ஏறிவிட்டன. ஆறாம் நாள் தாளில் பின்னிரவு 2.10, 2.11, 2.12 என்று நிமிடத்துக்கு நிமிடம் வரிசை போகிறது. ஏழாம் நாள் தாளில் வெறும் எண்கள். அவற்றைக் கோடுகள் ஒன்றோடொன்று இணைக்கின்றன. எட்டாம் நாள் தாளில் எண்ணே இல்லை. 'எல்லாம் சரியாக வருகிறது' என்று ஒரே ஒரு வரி. ஒன்பதாம் நாள் காலை அவளை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்த்தோம்.

இதை எழுத அக்கா அனுமதித்திருக்கிறாள். ஊரையும் பெயரையும் சொல்லக் கூடாது, பரிதாபப்படும்படி எழுதக் கூடாது என்பவை அவள் விதித்த இரண்டு நிபந்தனைகள். முதலாவதைக் காப்பாற்றுவது எளிது.

அவளுக்கு வந்த நோயை மருத்துவர்கள் போஸ்ட்பார்ட்டம் சைக்கோசிஸ் என்கிறார்கள். மகப்பேற்று மனப்பிறழ்வு என்று தமிழில் சொல்லலாம். ஆயிரம் பிரசவங்களுக்கு ஒன்று அல்லது இரண்டு என்பது உலகெங்கும் ஏறத்தாழ ஒத்துப்போகும் கணக்கு. அரிதான நோய் என்று இதைக் கேட்டவுடன் தோன்றும். ஆனால் தமிழ்நாட்டில் மட்டும் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன என்பதோடு சேர்த்துப் பெருக்கிப் பார்த்தால், ஒவ்வோர் ஆண்டும் நம் மாநிலத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளில், ஒருவேளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில், இது நடக்கிறது என்று ஆகும். அத்தனை வீடுகளும் இதைப் பற்றி வெளியே பேசாமல் இருக்கின்றன. நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்வதில் எங்கள் வீட்டை யாரும் குறை சொல்ல முடியாது. பச்சை உடம்பு என்று சொல்லிச் சொல்லியே அம்மா அவளைத் தாங்கினாள். காலையில் பிரசவ லேகியம், பகலில் பூண்டும் மிளகும் அரைத்த பத்தியக் குழம்பு, வயிறு தொங்கிவிடாமல் இருக்கப் பழைய வேட்டியால் இறுக்கிய கட்டு, குளித்து வந்தவுடன் தலைக்குச் சாம்பிராணிப் புகை. காதில் பஞ்சு இல்லாமல் வாசலுக்குக்கூட விட மாட்டார்கள். தண்ணீரை அதிகம் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று வெந்நீரை டம்ளரில் அளந்துதான் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பகலில் தூங்கக் கூடாது என்ற கட்டளை ஒன்று உண்டு. பிள்ளை பெற்றவள் பகலில் கண்ணயர்ந்தால் தலையில் நீர் கோத்துக்கொள்ளும், உடம்பு ஊதிவிடும் என்று பார்க்க வந்த ஒவ்வொரு பெரியம்மாவும் சொல்லிவிட்டுப் போனாள். அக்கா கண் சொருகினால் யாராவது பேச்சுக் கொடுத்தார்கள். இரவிலோ குழந்தை இரண்டு மணிக்கு ஒரு முறை அழுதது. அவள் என்ன சாப்பிட்டாள், எத்தனை முறை வெளியே போனாள், மார்பில் பால் கட்டியிருக்கிறதா, தையல் ஆறிவிட்டதா என்பதெல்லாம் அந்த வீட்டில் இருந்த ஏழு பேருக்கும் தெரியும். அவள் தூங்கினாளா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. இப்போது அந்தச் சொல்லை எழுதவே கூசுகிறது, ஆனால் அன்று எங்களுக்குத் தெளிவு என்றுதான் பட்டது. அதிகம் பேசாத அக்கா அன்று பார்க்க வந்த அத்தனை பேரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசினாள். ஒரு பேச்சு முடிவதற்குள் அடுத்ததற்குத் தாவினாள். பள்ளியில் தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு இனி எப்படிக் கணக்குச் சொல்லித்தர வேண்டும் என்று அத்தானுக்கு நள்ளிரவில் தொலைபேசியில் விளக்கினாள். விடியற்காலை மூன்று மணிக்குப் பீரோவைத் திறந்து புடவைகளை நிறவாரியாக அடுக்கினாள். "தலைப்பிள்ளைக்காரி மாதிரியா இருக்கா? கண்ணு பட்டுடப் போவுது" என்று எதிர்வீட்டு அத்தை சொல்ல, அம்மா அன்று மாலை உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். இந்த நோய் பல பெண்களுக்கு அழுகையாக அல்ல, மகிழ்ச்சியாகவும் சுறுசுறுப்பாகவும்தான் முதலில் தலைகாட்டும் என்பதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். களைத்துப் படுக்க வேண்டிய உடம்பு, குழந்தை தூங்கும்போதும் தூங்காமல், தூக்கம் வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் இயங்குகிறது என்றால், அங்கே கண்ணேறு கழிக்க ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் கோபத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்போது நம்மிடையே பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைப் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் மூன்று வெவ்வேறு நிலைகளை 'டிப்ரஷன்' என்ற ஒரே பைக்குள் போட்டுக் குலுக்குகிறோம். பிரசவமான மூன்றாம், நான்காம் நாள் பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்குக் காரணமில்லாமல் கண் கலங்கும்; இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அது நோயே அல்ல. மனச்சோர்வு நோய் வேறு. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் உலக சுகாதார அமைப்பின் இதழில் வெளியான கட்டுரை, தாய்மாரில் 22 விழுக்காட்டினருக்கு அது இருப்பதாகக் கணக்கிட்டது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல ஆளை அரிக்கும் நோய் அது; அதற்கும் சிகிச்சை வேண்டும். மகப்பேற்று மனப்பிறழ்வு இவ்விரண்டின் முற்றிய வடிவம் அல்ல. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், நாட்கணக்கில், சில வேளை மணிக்கணக்கில் முற்றுகிறது. வலிப்பையும் இரத்தப்போக்கையும் போல அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம் அது. எங்கள் வீட்டில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் என்று கருதப்பட்ட நான்தான், ஏதோ ஒரு வார இதழில் படித்ததை வைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் வர்றதுதாம்மா, கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்று ஆறாம் நாள் இரவு அம்மாவுக்கு ஆறுதல் சொன்னேன். அரைகுறையாகத் தெரிந்த ஒரு சொல், ஒன்றுமே தெரியாததை விட அதிகக் கேடு செய்தது.

ஏழாம் நாள் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது என்னைப் பார்க்கிற பார்வை நம்ம ஆத்தா பார்வை" என்றாள். ஆத்தா எங்கள் அப்பாவைப் பெற்றவள். இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. எல்லோரும் சிரித்தோம். மாலையில் அவள் அம்மா கொடுத்த கஞ்சியைத் தொட மறுத்தாள். அதில் மணம் வேறாக இருக்கிறது என்றாள். இரவு கதவைத் தாழிட்டுக்கொண்டாள். எட்டாம் நாள் ஒரு நேரம் தன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்றே புரியாமல் விழித்தாள். அடுத்த அரை மணியில் வழக்கமான அக்காவாக, டீ வேண்டும் என்று கேட்டாள். இந்த ஏற்ற இறக்கம்தான் எங்களை ஏமாற்றியது. சரியாக இருக்கும் அரை மணியை வைத்துக்கொண்டு சரியில்லாத நேரத்தையெல்லாம் விளக்கப் பார்த்தோம். தூக்கம் கெட்டதால் குழம்புகிறாள் என்றார் அப்பா. அத்தானின் அம்மா வந்து பார்த்துவிட்டு முகம் சுருங்கினார். மருமகளுக்கு முன்பே ஏதோ இருந்திருக்கிறது, மறைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று அவர் பிறகு சொன்னதற்கான விதை அன்று விழுந்தது. பிரசவம் பார்த்த மருத்துவமனைக்குப் போன் செய்தோம். புதுத் தாய்மாருக்கு இதெல்லாம் சகஜம், ஓய்வு கொடுங்கள், அடுத்த வாரம் தையல் பார்க்க வரும்போது பேசலாம் என்று பதில் வந்தது. காத்துக் கருப்பு அண்டியிருக்கும், குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப்போய் வரலாம் என்று பெரியப்பா வண்டிக்குச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அம்மாவைப் பெற்ற பாட்டி, கூடத்து மூலையில் உட்கார்ந்தபடியே, "இது சன்னிடி" என்றாள். "பேயும் இல்ல, பிசாசும் இல்ல. பச்ச ஒடம்புல வந்தது தலைக்கு ஏறியிருக்கு. கோயிலுக்கு அப்பறம் போங்க. எந்தங்கச்சிய அப்படித்தான் கோயில் கோயிலா இழுத்துக்கிட்டுப் போனாங்க."

பாட்டியின் தங்கை கிணற்றில் தவறி விழுந்து இறந்தாள் என்பது மட்டுமே அதுவரை எங்களுக்குத் தெரிந்திருந்தது. அவள் இறந்தபோது அவளுக்கு இருபது நாள் குழந்தை இருந்தது என்பதை அன்றுதான் கேட்டோம்.

அந்தச் சொல்லைப் பற்றி நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். சன்னி என்பது சன்னிபாதம் என்ற பழைய வைத்தியச் சொல்லின் சுருக்கம். வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருசேரக் கெட்டு, நினைவு தடுமாறிப் பிதற்றும் நிலை. பிரசவத்துக்குப் பின் கருப்பையில் நோய்த்தொற்று ஏறிக் காய்ச்சலில் பிதற்றி இறந்துபோன பெண்களைக் கண்ட தலைமுறைக்கு அந்தச் சொல் அச்சமூட்டும் சொல். பாட்டி அக்காவின் நோயையும் அதையும் ஒன்றாக்கினாள் என்று ஒரு மருத்துவர் குறை சொல்லலாம். எனக்கு அப்படிப் படவில்லை. அந்தச் சொல் அக்காவின் நடத்தையைத் திமிர் என்றோ பேய் என்றோ தாயன்பு இல்லாமை என்றோ சொல்லவில்லை. பிரசவம் என்ற உடல் நிகழ்வோடும், இன்ன நாளுக்குள் வருவது என்ற காலக்கணக்கோடும் அதை முடிச்சுப் போட்டது. பிரான்சில் லூயி விக்தோர் மார்சே என்ற மருத்துவர் கருவுற்ற பெண்கள், பிள்ளை பெற்றவர்கள், பாலூட்டுபவர்கள் ஆகியோரின் மனநோய்களைப் பற்றி 1858இல் ஒரு முழு நூல் எழுதினார். அவர் வலியுறுத்தியதும் பிள்ளைப்பேற்றின் உடல் மாற்றங்களுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பைத்தான். 1980இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு மருத்துவ அமைப்பு அவர் பெயரைத் தாங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க மனநல மருத்துவர்களின் இன்றைய கையேட்டில் இந்நோய்க்குத் தனித் தலைப்பே கிடையாது. வேறு நோய்களின் பெயருக்குப் பின்னால் 'பேறுகாலத்தை ஒட்டித் தொடங்கியது' என்று ஒரு ஒட்டுத்தான் உண்டு. எடின்பரோவில் ராபர்ட் கெண்டலும் சகாக்களும் ஐம்பத்து நான்காயிரம் பிரசவங்களின் பதிவேடுகளைப் புரட்டி 1987இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்துக்குப் பிந்தைய முதல் 30 நாளில் ஒரு பெண் மனப்பிறழ்வோடு மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு கருவுறுவதற்கு முன்பு இருந்ததைப் போல இருபது மடங்குக்கும் மேல் கூடுகிறது என்று கண்டார்கள். ஒரு பெண்ணின் வாழ்நாளில் இவ்வளவு கூர்மையான ஆபத்துக்காலம் வேறு இல்லை. அதற்குப் பெயர் வைத்திருந்தவள் எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி.

பெரியப்பா சொன்ன வண்டியில்தான் போனோம். ஆனால் குணசீலத்துக்கு அல்ல. பாட்டி சொன்னதைக் கேட்டு அம்மா அடுத்த தெருவில் இருந்த, ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து வந்தாள். அவர் அக்காவின் அருகில் அமர்ந்து பத்து நிமிடம் சும்மா பேசினார். குழந்தையைப் பற்றி மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று பதறாமல் கேட்டார். அக்கா அதுவரை எங்களிடம் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னாள்: குழந்தையை ஒரு குறிப்பிட்ட நேரத்தில் தண்ணீருக்குள் வைத்தால் உண்மையான குழந்தை திரும்பி வரும், அந்த நேரத்தைத்தான் எண்களில் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று. செவிலியர் முகம் மாறவில்லை. வெளியே வந்து, "ஒரு நிமிஷம்கூடப் பிள்ளையோட தனியா விடாதீங்க. திட்டாதீங்க, வாதாடாதீங்க. விடிஞ்சதும் பெரியாஸ்பத்திரிக்குக் கெளம்புங்க" என்றார். அன்றிரவு நான் அக்காவின் பக்கத்திலும் அம்மா குழந்தையோடு அடுத்த அறையிலும் விழித்திருந்தோம். இன்று என்றால் இரவிலேயே கிளம்பியிருப்போம். 14416 என்ற டெலிமானஸ் எண், அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரில்தான் வந்தது. எந்நேரமும் தமிழில் பேசலாம்.

மருத்துவமனையில் எங்களுக்கு முதல் வியப்பு, மனநல மருத்துவர் மனதைப் பற்றி எதுவும் கேட்பதற்கு முன் காய்ச்சலைப் பார்த்ததும், இரத்த அழுத்தத்தைப் பார்த்ததும், தைராய்டு முதலான இரத்தப் பரிசோதனைகளுக்கு எழுதியதும், மூளைக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னதும். பிரசவத்துக்குப் பின் மூளையின் சிரை நாளங்களில் இரத்தம் உறைந்தாலும், நோய்த்தொற்று ஏறினாலும், வலிப்பு நோயாலும்கூட இதே குழப்பம் வரும் என்று விளக்கினார். சிரையில் இரத்தம் உறையும் அந்த நோய் நம் நாட்டில் பிள்ளை பெற்ற பெண்களிடம் அதிகம் காணப்பட்டு வந்த ஒன்று. பிரசவித்தவளுக்குத் தண்ணீரைக் குறைக்கும் வழக்கமும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. "தண்ணி எவ்வளவு குடுத்தீங்க?" என்று அவர் கேட்டபோது அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அடுத்து, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா என்று கேட்டார். இல்லை, இல்லை என்று அப்பாவும் அம்மாவும் ஒரே குரலில் சொன்னார்கள். பாட்டியின் தங்கையைப் பற்றி நான்தான் சொன்னேன். மிகை உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோய் உள்ள பெண்களுக்கும், அது குடும்பத்தில் இருப்பவர்களுக்கும், முன் பிரசவத்தில் இது வந்தவர்களுக்கும்தான் ஆபத்து மிக அதிகம். ஆனால் இந்நோய் வரும் பெண்களில் பலருக்கு அதற்கு முன் எந்த மனநோயும் இருந்ததில்லை. எங்கள் அக்காவுக்கும் இருந்ததில்லை. யாரும் எதையும் மறைத்துக் கட்டிக் கொடுக்கவில்லை.

சிகிச்சையைப் பற்றி விரிவாக எழுதுவது மருத்துவர்களின் வேலை. முதலில் தூக்கம் வரவழைத்தார்கள், ஒலான்சபின் என்ற மனப்பிறழ்வு மருந்தைக் கொடுத்தார்கள், பிறகு இரத்தத்தில் அளவு பார்த்து லித்தியம் சேர்த்தார்கள். பத்து நாளில் எதிர்பார்த்த அளவு தெளிவு வராதபோது மின் அதிர்வு சிகிச்சையைப் பற்றிப் பேசினார்கள். சினிமாவில் பார்த்த காட்சிகளை நினைத்து அத்தான் கையெழுத்துப் போட மறுத்தார். மயக்க மருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் கொடுத்தே செய்கிறார்கள், இந்த நோயில் மிக விரைவாகப் பலன் தரும் சிகிச்சைகளில் அதுவும் ஒன்று என்பதை ஓர் இளம் மருத்துவர் அவருக்கு ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொன்ன பிறகே சம்மதித்தார். நான்காம் முறைக்குப் பிறகு அக்கா என்னை அடையாளம் கண்டு, "தலை ஏன் வாரல?" என்று கேட்டாள்.

பால் ஒரு பெரிய பிரச்சினையாக இருந்தது. மார்பு கட்டி வலியில் துடித்தாள். பால் வற்ற மாத்திரை எழுதித் தரும்படி அம்மா கேட்டதற்கு, அந்த வகை மாத்திரைகளே மனப்பிறழ்வைத் தூண்டக்கூடியவை என்று மருத்துவர் மறுத்துவிட்டார். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த ஒரு மூதாட்டி, மல்லிகைப்பூவைச் சரமாக மார்பில் வைத்துக் கட்டச் சொன்னார். கைவைத்தியம் என்று நான் ஏளனமாக நினைத்தேன். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதே மல்லிகைப்பூவைப் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பூவும் பாலை வற்றச் செய்கிறது என்று 1988இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருப்பதைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோது அந்த மூதாட்டியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மனநலப் பிரிவில் அந்தக் கட்டில் முழுக்க மல்லிகை மணத்தது. அக்காவால் இன்றும் மல்லிகை வைத்துக்கொள்ள முடிவதில்லை.

இருபத்து நான்கு நாள் அவள் குழந்தையைப் பார்க்கவில்லை. அந்தப் பிரிவில் குழந்தையை வைத்துக்கொள்ள இடமில்லை. அது கொடுமை என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. குழந்தை பத்திரமாக இருந்தால் போதும் என்றே நினைத்தோம். தாயையும் சேயையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு சிகிச்சை செய்யும் முறையைப் பிரிட்டனில் 1940களின் இறுதியிலேயே தொடங்கிவிட்டார்கள். நம் நாட்டில் பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் 2009இல் ஐந்து படுக்கைகளோடு ஒரு தாய் சேய் மனநலப் பிரிவைத் தொடங்கியது. மருத்துவர் பிரபா சந்திராவும் அவரது குழுவும் உருவாக்கிய அந்தப் பிரிவில், துணைக்கு ஒரு பெண் உறவினரும் கூடவே தங்குகிறார். நோய் தணியத் தணிய, குழந்தையைக் குளிப்பாட்டவும் கொஞ்சவும் தாய்க்குத் துணை நிற்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. ஆபத்து இருப்பதாக மருத்துவர் கருதிப் பிரித்தாலும் கண்காணிப்போடு பார்க்க விட வேண்டும், அந்த முடிவை 15 நாளுக்கு ஒரு முறை மறுபரிசீலனை செய்ய வேண்டும், 30 நாளைத் தாண்டினால் உரிய ஆணையத்தின் ஒப்புதல் பெற வேண்டும். சட்டத்தில் இவ்வளவு நுணுக்கமாக எழுதத் தெரிந்த நமக்கு, மாவட்டத்துக்கு இரண்டு தொட்டில் போட்ட ஓர் அறை கட்ட முடியவில்லை என்பது என் ஆதங்கம்.

செய்தித்தாள்களைப் பற்றியும் சொல்லாமல் போக முடியாது. கைக்குழந்தை தாயின் கையால் இறந்தால் 'கல்நெஞ்சத் தாய்' என்று தலைப்பு வருகிறது. குழந்தைக்கு எத்தனை நாள் என்பதைப் பல செய்திகள் இரண்டாம் பத்தியில் சொல்லிவிட்டு மறந்துவிடுகின்றன. எனக்கு அந்த எண்தான் முதலில் கண்ணில் படுகிறது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 2001 ஜூன் 20 அன்று ஆண்ட்ரியா யேட்ஸ் என்ற பெண் தன் ஐந்து குழந்தைகளையும் குளியல் தொட்டியில் மூழ்கடித்தார். நான்காம் குழந்தைக்குப் பிறகே அவர் கடுமையாக நோயுற்று, தற்கொலைக்கு முயன்று, மருத்துவமனையில் இருந்தவர். இன்னொரு குழந்தை வேண்டாம் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். 2002இல் ஆயுள் தண்டனை விதித்த அதே நாட்டு நீதிமுறை, மேல்முறையீட்டுக்குப் பின் 2006இல் நடந்த மறுவிசாரணையில், அவர் மனநோயின் பிடியில் இருந்தவர், குற்றவாளி அல்லர் என்று கூறி மருத்துவமனைக்கு அனுப்பியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1922 முதலே இத்தகைய தாய்மாருக்கெனத் தனிச் சட்டம் உண்டு; 1938இல் அது பன்னிரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் வரை விரிந்தது. இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவாக இருந்து, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவாக மாறியிருக்கும், சித்த சுவாதீனம் இல்லாதவர்களுக்கான பொது விலக்கு மட்டுமே இருக்கிறது. அதை மெய்ப்பிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தலையில்தான். இந்நோய் வந்த தாய்மாரில் மிகப் பெரும்பாலோர் குழந்தைக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை என்பதையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். என்றாலும், அந்த எட்டாம் நாள் இரவு எங்கள் வீட்டுக் கிணற்றடியில் தண்ணீர் நிறைந்த தொட்டி ஒன்று இருந்தது. யேட்ஸைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொட்டி நினைவுக்கு வருகிறது.

அக்கா முழுவதும் குணமானாள். இதில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு நல்ல செய்தி உண்டு: கடும் மனநோய்களில் இவ்வளவு நன்றாகக் குணமாகும் நோய்கள் குறைவு. நெதர்லாந்தின் ராட்டர்டாமில், முறையாகப் படிப்படியாகச் சிகிச்சை பெற்ற 64 பெண்களில் ஏறக்குறைய எல்லோருமே முழுமையாகத் தேறினார்கள் என்று 2015இல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் தேறுவது வேறு, மீள்வது வேறு. பிறழ்வு நீங்கிய பிறகு அவளைச் சோர்வு பிடித்துக்கொண்டது. செவிலியரிடம் தான் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. குழந்தையைக் குளிப்பாட்ட ஆறு மாதம் வரை மறுத்தாள். அம்மா குளிப்பாட்டும்போது கொல்லைப் பக்கமே வர மாட்டாள். மாமியார் வீட்டில் பஞ்சாயத்துப் பேச்சுகள் நடந்தன. அத்தான் உறுதியாக நின்றார் என்பதையும் எழுத வேண்டும். எல்லா வீட்டிலும் அப்படி நிற்பதில்லை. நோயைக் காரணம் காட்டி விவாகரத்து செய்யப்பட்ட பெண்களைச் சிகிச்சைக்குப் போன இடத்திலேயே அவள் சந்தித்தாள்.

ஐந்து ஆண்டு கழித்து இரண்டாம் குழந்தை வேண்டும் என்று அவளே சொன்னபோது நாங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொல்லித் தடுத்தோம். மறுபடி வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டில் ஒன்று என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவள் கணக்கு ஆசிரியையாகவே பேசினாள்: "வராம இருக்கறதுக்கும் இரண்டில் ஒன்னுதானே? வந்தா என்ன செய்யணும்னு இந்தத் தடவை நமக்குத் தெரியும்." கருவுறுவதற்கு முன்பே மனநல மருத்துவரிடமும் மகப்பேறு மருத்துவரிடமும் போய், இருவரையும் ஒருவரோடொருவர் பேச வைத்து, பிரசவமான அன்றே தொடங்க வேண்டிய மருந்தை எழுதி வாங்கிக்கொண்டாள். இரவுப் பாலுக்குப் பால்பொடி, இரவில் குழந்தை அத்தானோடு, அவளுக்கு எட்டு மணி நேரத் தூக்கம் என்று முடிவானது. தாய்ப்பால் கொடுக்காதவள் என்ற பேச்சைக் கேட்க நேர்ந்தது, கேட்டுக்கொண்டாள். பையனுக்கு இப்போது ஆறு வயது. நோய் வரவில்லை.

சென்ற ஆண்டு என் முறை. தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ இந்நோய் வந்திருந்தால் நமக்கும் வாய்ப்புக் கூடுகிறது என்பதால், முதல் பரிசோதனையிலேயே மருத்துவரிடம் சொன்னேன். கையில் கொடுத்த அட்டையில் சர்க்கரைக்கு, இரத்த அழுத்தத்துக்கு, தைராய்டுக்கு, இரத்த வகைக்கு எல்லாம் கட்டம் இருந்தது. மருத்துவர் சற்று யோசித்து, அட்டையின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதி அடிக்கோடிட்டார். எனக்குப் பிரசவமான பிறகு அக்கா பன்னிரண்டு நாள் லீவு போட்டு வந்து தங்கினாள். பகலில் என்னைத் தூங்கவிடாத பெரியம்மாக்களை வாசலிலேயே காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் காரணமில்லாமல் அழுதேன், ஏழாம் நாள் நின்றுவிட்டது.

இந்தக் கட்டுரையை முடித்து அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். ஐந்தாம் நாளிலிருந்து அவள் தூங்கவில்லை என்று நான் எழுதியிருந்த ஒரு வரியை அடித்தாள். காலண்டர் தாள்களை எடுத்து வரச் சொன்னாள். மூன்றாம் நாள் தாளில், கட்டங்கள் ஒழுங்காக இருக்கும் அந்த முதல் தாளில், இரவு 11.40க்கும் 2.05க்கும் நடுவே இருந்த வெற்றிடத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இங்க நான் தூங்கினேன்னு நெனச்சுக்கிட்ட. கண்ண மூடிக்கிட்டு அடுத்த பாலுக்கு எத்தனை நிமிஷம்னு எண்ணிக்கிட்டே இருந்தேன். மூணாம் நாள்னு மாத்தி எழுது."